மாதர் சங்கத்துச் சமையல் புத்தகம்

எங்கள் வீட்டில் எட்டு சமையல் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்து நான் பால் விடாத ஒரு கட்டன் சாயாகூடப் போட்டதில்லை. கல்யாணப் பரிசாக வந்த கனத்த மலையாளப் புத்தகம் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டாக இருந்தது. மைக்ரோவேவ் அடுப்போடு வந்த புத்தகம், அடுப்பு செத்துப் பல வருடமான பிறகும் பிளாஸ்டிக் உறைக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. முட்டையில் மட்டும் நூறு வகை சொல்லும் ஒன்றை, பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஆபீசுக்குப் போய்வந்த காலத்தில், ரயிலில் விற்றவனின் தொல்லை தாங்காமல் வாங்கினேன். மற்றவற்றில் பல எப்படி வந்து சேர்ந்தன என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ரிட்டயர் ஆன பிறகு இவற்றை நான் தூசி தட்டியதற்குக் காரணம் என் மகள். கல்யாணமாகி மூன்று வருடமாகக் கொச்சியில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. மூன்று வேளையும் சாப்பாடு ஸ்கூட்டரில் வருகிறது. கேட்டால், "எனக்குச் சமையல் வராதும்மா, விடுங்க" என்பாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவளுக்கு ஒரு சாம்பார் வராதாம். அதோடு போனால் பரவாயில்லை. சனிக்கிழமைதோறும் மாமியார் வீட்டுக்குப் போனாலும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். சம்பந்தியம்மா ஒருநாள் போனில், ரொம்ப மரியாதையாக, "மோள் அடுக்களைக்குள்ள வரவே மாட்டா" என்றார். எங்கள் ஊரான கொல்லயில் பக்கத்தில் என் கைச் சமையலுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு இப்படி ஒரு வாரிசா என்று வயிறு எரிந்தது.

நான் சமைப்பதெல்லாம் கண்ணளவு. போனில் சொல்லிக்கொடுக்க முடியாது. புத்தகம் என்றால் ஸ்பூன் கணக்கு இருக்கும், நிமிடக் கணக்கு இருக்கும். வாரம் ஒரு குறிப்பை நானே செய்து பார்ப்பது, சரியாக வந்தால் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தேன். ஒன்று சரியாக வந்துவிட்டால் போதும், அவள் தானாக அடுக்களைக்குள் போய்விடுவாள்.

சோதனை எலி என் கணவர். அம்பூரிப் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர், அதிகம் பேசமாட்டார். நன்றாக இருந்தால் "கொள்ளாம்". சுமாராக இருந்தால் "தின்னலாம்". மோசமென்றால் தட்டைத் தள்ளிவைத்து, "கோழி தின்னுமா?" என்று கேட்பார். மலையாளப் புத்தகம் "நல்ல கொழுத்த தாரா ஒன்றைப் பிடித்து" என்று ஆரம்பித்தது. வாத்தைப் பிடிக்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டதால் கோழியில் செய்தேன். தின்னலாம். மைக்ரோவேவ் புத்தகத்தின் ஏழு நிமிடப் புட்டிங்கை கேஸில் வைத்ததில் நாற்பது நிமிடமானது. அதைக் கோழியும் தின்னவில்லை. முட்டைப் புத்தகத்தில் மட்டும் ஒரு ரோஸ்ட் கொள்ளாம் வாங்கியது. உடனே மகளுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அன்றைக்கும் அவள் பிரியாணிதான் ஆர்டர் செய்தாள்.

கடைசியாக மிஞ்சியது எங்கள் சபையின் ஜூபிலி வருடத்தில் மாதர் சங்கம் போட்ட சமையல் புத்தகம். வீட்டுக்கு ஒரு பெண், ஆளுக்கு ஒரு பக்கம், மேலே போட்டோ. போட்டோவில் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தது மாதிரி முறைத்துக்கொண்டிருப்போம். ஒவ்வொருத்தியும் நாலைந்து பிரதி வாங்கினாள், தன் முகத்தைப் பார்த்தாள், அடுத்தவள் கறுத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள், மூடிவைத்தாள். அதைப் பார்த்து யாரும் சமைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் கைதேர்ந்தவர்கள். நம்பிக்கையோடு ஆரம்பித்தேன். முதலில், அன்றைக்குச் சங்கத்துச் செயலாளராக இருந்த அக்காவின் உள்ளித்தீயல், வறுத்தரைத்த தேங்காயில் சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற குழம்பு. சபையின் அசன விருந்தில் அவர்கள் தீயல் வந்தால் ஆண்கள் வரிசையை மறந்து மோதுவார்கள். நான் செய்தது கசந்தது. மறுவாரம் திரும்பச் செய்தேன், திரும்பவும் கசந்தது. இன்னொருத்தியின் மாங்காய் ஊறுகாய் எட்டே நாளில் பூசணம் பூத்தது. மூன்றாமவளின் மீன்கறி, மீனும் தண்ணீருமாகத் தனித்தனியே நின்றது. கணவர் நான்கு வாரம் பொறுத்தார். ஐந்தாவது வாரம் புத்தகத்தையே கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எட்டி, இது சமையல் புத்தகமில்ல. நிங்க எல்லாரும் சேந்து செய்த சதியாக்கும்."

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. அக்கா முறத்தில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கருப்பட்டி ஒரு நுள்ளு போட்டியா?"

"புத்தகத்தில இல்லியே அக்கா."

"பின்னே இருக்குமா? அதையும் எழுதிப் போட்டா எனக்க தீயலை எவன் தேடுவான்?"

அக்கா பலாக்கொட்டையை விட்டுவிட்டு உற்சாகமாகத் தொடங்கினார்கள்.

"எல்லா பேரும் ஒண்ணொண்ணு விட்டாளுவ பிள்ளே. ஊறுகாய்க்காரி மாங்காயை உப்பில போட்டு வெயில்ல வைக்கதை எழுதல்ல. மீன்கறிக்காரி தேங்காயை எத்தனை நேரம் அரைக்கணும்னு சொல்லல்ல. நாந்தானே எழுதி வாங்கினேன், எனக்குத் தெரியாதா? நானும் ஒண்ணும் கேக்கல்ல. கேட்டா எவளும் தரமாட்டா." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "நீ மட்டும் பெரிய யோக்கியமா? முந்திரிக்கொத்தில நீ என்னத்த விட்ட?"

என் பக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். அங்கேயே புரட்டினேன். பட்டுச்சேலையும் எண்ணெய் வழிகிற முகமுமாக நான். கீழே முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி. வறுத்த சிறுபயற்று மாவையும் தேங்காயையும் பாகில் போட்டு உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பது. எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் கிறிஸ்மஸ் இல்லை. அதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். உருட்டிய உருண்டையை ஒரு முழு நாள் ஆறவிட்டு இறுக வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெயில் விழுந்ததும் பிளந்து சிதறும். நான் அதை எழுதாமல் விட்டது மட்டுமல்ல. "உருட்டியதும் சூட்டோடு மாவில் முக்கிப் பொரிக்கவும்" என்றே எழுதியிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை எழுதியபோது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அப்போது சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகரின் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்தார். உத்தரம் வரை பயறு தெறித்ததாகக் கேள்வி. நான் நலம் விசாரிக்கப் போய், "தீ கூடிப்போச்சோ அம்மா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்காவும் நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அதில ஒரு புத்தகத்தை மகளுக்க கல்யாணப் பெட்டியில நான்தான் வச்சேன். உனக்க படம் உண்டேன்னு" என்றார்.

நான் நின்றபடியே போனை எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம்.

"மக்கா, நீ எப்பமாவது முந்திரிக்கொத்து செய்து பாத்தியா?"

"மூணு தடவை" என்றாள்.

முதல் கிறிஸ்மஸுக்கு மாமியார் வீட்டில். அம்மாவின் முந்திரிக்கொத்து என்று வாரக்கணக்கில் பெருமை பேசியிருக்கிறாள். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் அவளுக்குச் சர்ச்சில் பாட்டுப் புத்தகம் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்ததோடு சரி. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, வரி பிசகாமல் செய்திருக்கிறாள். எல்லாரும் சுற்றி நிற்க, சட்டியில் ஒவ்வொன்றாகப் பிளந்தது. மாமியார் கேஸை அணைத்துவிட்டு, பரவாயில்லை மோளே என்று தோளில் தட்டினாராம்.

"பின்னே எங்க ஃபிளாட்டில ரெண்டு தடவை, யாருக்கும் தெரியாம. அப்பவும் அப்படித்தான். அம்மா எழுதினது தப்பா இருக்காதில்லியா? அப்ப எனக்குத்தான் சமையல் வராதுன்னு விட்டுட்டேன்."

சொன்னேன். ஒரு முழு நாள் ஆறவிட வேண்டும் என்பதையும், அதைத் தெரிந்தே எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஊருக்கு மறைச்சிய, சரி. எனக்கு ஏம்மா சொல்லல்ல?"

"நீ கேக்கலியே மக்கா" என்றேன், வெட்கமில்லாமல்.

"நான் அடுக்களைக்கு வந்தப்ப எல்லாம், இங்க என்ன சோலி, போய்ப் படின்னு விரட்டினிய."

விரட்டினேன்தான். அவள் படித்து முன்னேற வேண்டும் என்று விரட்டியதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த அடுப்பு எனக்கு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற பேராசை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"மூணு தடவையும் நீ சரியாத்தான் செய்திருக்க மக்கா. குத்தம் முழுக்க எனக்குள்ளது" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருப்பவள், முந்திரிக்கொத்துக்காக அழுதாள்.

"அத என்கிட்ட சொன்னா போதாது. மாமிட்ட சொல்லுங்க. இங்கதான் இருக்காவ" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

முப்பது வருடம் ஆபீசில் மலையாளத்தில் ஃபைல் எழுதியவள் நான். அன்றைக்கு இரண்டு வாக்கியத்துக்கு நாக்கு புரளவில்லை. உளறிக்கொட்டி, எப்படியோ எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் சம்பந்தியம்மா மெல்ல ஒரு கேள்வி கேட்டார். அவர் சமைக்கிற இடம் பிடிக்காமல்தான் என் மகள் உள்ளே வருவதில்லை என்று அந்தக் கிறிஸ்மஸிலிருந்து மனசுக்குள் வைத்து மருகிக்கொண்டிருந்தாராம். அப்படியென்றால் அவள் வராததற்குக் காரணம் அந்த முந்திரிக்கொத்துதானா என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.