மூன்று விலைச் சீட்டும் ஒரு மொட்டையும்

மகன் மூன்று காகிதங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, "யப்பா, எது நமக்குத் தோதுப்படும்னு நீங்களும் ஒரு பார்வை பாருங்க" என்றான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். பஸ் போர்டு பார்த்து எழுத்துப் பழகினவன். தென்காசி, செங்கோட்டை, சுரண்டை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற பஸ்களைப் பார்த்துப் பார்த்து, தெ என்றால் இது, செ என்றால் இது என்று பிடித்துக்கொண்டேன். அப்புறம் டீக்கடைப் பேப்பரில் தலைப்பு வாசிக்கிற அளவுக்கு வந்தது. ஆனால் அந்த மூன்று காகிதமும் இங்கிலீஷ். ரூபாய்த் தொகை மட்டும் எனக்குப் புரிந்தது. தலையில் முடி நட்டுவிடுகிற மூன்று ஆஸ்பத்திரிகள் கொடுத்த விலை அது.

தலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். இப்போது முட்டி வலியில் வீட்டோடு இருக்கிறேன். சாரல் நாளில் ஒரு பொழுதுக்கு முப்பது, நாற்பது தலை என் கைக்கு வரும். ஜட்ஜ் வந்திருக்கிறார், லாரி டிரைவர் வந்திருக்கிறார். துண்டோடு பலகையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒன்றுதான். சிலர் தலையில் கை பட்டதும் தூங்கிவிடுவார்கள். சிலர் பெண்டாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மகனுக்கு முப்பத்துமூன்று வயது. சுரண்டையில் ஒரு உரக்கடையில் வேலை. இருபத்தைந்திலேயே முன்நெற்றி ஏறத் தொடங்கி, முப்பதில் உச்சியும் போய்விட்டது. கடையில் மருந்துத் தூசி பறக்கிறது என்று சொல்லித் தொப்பி போட்டான். வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வீரகேரளம்புதூரில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அத்தை காப்பியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க தம்பி மாப்பிள்ளை பின்னால வாராராக்கும்?" என்று கேட்டாள். அவன் தம்ளரைக் கையில் வைத்தபடி, "நாந்தான் மாப்பிள்ள" என்றான். அந்த இடம் அமையவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கச் சேர்த்து வைத்திருந்த துட்டைத் தலைக்குச் செலவழிக்கப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

எனக்குப் பயமாக இருந்தது. காரணம், முந்தின சீசனில் என் கைக்கு வந்த ஒரு தலை. கேரளத்துக்காரர், நல்ல வேலையில் இருக்கிற மனிதர். பின்தலையில் விரல் போனதும் குழி குழியாகத் தட்டியது. அந்துப்பூச்சி அரித்த துணி மாதிரி முடி அங்கங்கே நின்றது. "அண்ணாச்சி, அவிட பதுக்க மதி" என்றார், அந்த இடத்தில் மெதுவாகப் போதும் என்று. நான் விரலை எடுத்துவிட்டேன். அப்புறம் அவரே சொன்னார். முன்னால் நடுவதற்குப் பின்னால் இருந்து பிடுங்கினார்களாம். டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார், மற்றதெல்லாம் வேறு ஆட்கள் செய்தார்கள் என்றார். முன்னால் நட்டதும் நிற்கவில்லை, பின்னால் எடுத்ததும் திரும்பவில்லை. "பைசா குறைவுன்னு போயி. ஆரு கை வைக்கும்னு கேட்டில்ல" என்றார். யார் கை வைப்பார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டாராம்.

அது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். எண்ணெய்க் கொட்டகை நடத்துகிறவர் பழைய ஆளைக் காட்டி ஆட்களைக் கூப்பிடுவார். ஆள் கண்ணை மூடிப் படுத்ததும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் வந்து முதுகில் கை வைப்பான். படுத்தவருக்குத் தெரியாது. எண்ணெய் தேய்ப்பதில் அதிகம் போனால் நரம்பு பிசகும். இது அப்படி இல்லை. பின்தலையில் இருப்பதை ஒரு முறை வீணாக்கினால் வேறு எங்கே போய் எடுப்பது?

மூன்று காகிதத்தில் ஒன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள இடம். எவ்வளவு நட்டாலும் மொத்தமாக நாற்பதாயிரம். அந்தக் கேரளத்துக்காரர் கொடுத்ததும் ஏறக்குறைய அதே தொகைதான் என்று நான் சொன்னதும் மகன் அதை மடித்து வைத்துவிட்டான். மிச்சம் இரண்டு. திருநெல்வேலியில் ஒரு முடிக்கு இருபது ரூபாய். மதுரையில் ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய். மதுரை இரண்டு மடங்குக்கு மேல் என்று அவன் அதையும் மடிக்கப் போனான். நேரில் பார்க்காமல் ஒன்றையும் மடிக்காதே என்றேன்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரி ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போனபோது ஒரு நேர்ச்சை போட்டிருக்கிறாள். அதைச் சாவகாசமாக ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நட்ட முடி நல்லா முளைச்சிட்டா, அந்த முடியை உனக்கே தாரேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன்."

"ஏட்டி, இம்புட்டுத் துட்டு குடுத்து நட்டதச் செரச்சுச் சாமிக்குக் குடுக்கவா?" என்றேன்.

"பெறவு எதக் குடுக்க? கையில இருக்கத எல்லாருந்தான் குடுக்காவ."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "யம்மா, ஒரு தேங்கா ஒடைக்கேன்னு சொல்லிருக்கலாம்லா."

"தேங்காய்க்கு முடி தருமாலே சாமி?"

அதனால் டாக்டர்களிடம் கேட்பதற்கு எங்களிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. யார் கை வைப்பது? நட்ட பிறகு மொட்டை போட்டால் திரும்ப வளருமா?

திருநெல்வேலியில் ஏசி அறையில் ஒரு பெண் எங்களை உட்கார வைத்துப் படம் படமாகக் காட்டியது. முன்பக்கம், உச்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடிவிடலாம், நாலாயிரம் முடி என்றது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, ஆப்பரேஷன் அன்றைக்குப் பார்க்கலாம் என்றது. யார் கை வைப்பது என்று கேட்டேன். "எங்க டீம் பாத்துப்பாங்க அங்கிள்." மொட்டையைப் பற்றிக் கேட்டதற்குச் சிரிப்பை அடக்க முடியாமல், "மொட்டை போடவா இவ்ளோ செலவு பண்றீங்க?" என்றது. மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்து, "உச்சியும் மூடிரும்லாப்பா" என்றான்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயது இருக்கும். சின்ன ஆஸ்பத்திரி, கீழே மெடிக்கல் ஷாப். பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து மகனின் பின்தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அய்யா, தலையில கட்டியிருக்கற துண்டைக் கொஞ்சம் எடுங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் எத்தனையோ தலையைத் தொட்டிருக்கிறேன், என் தலையை ஒருவர் இப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கும் போகப் போக அப்பா மாதிரித்தான் ஆகும் தம்பி. பின்னால இருக்கறது ஒரு இருப்பு. எல்லாத்தையும் இப்பவே எடுத்துட்டா நாளைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. முன்னால மட்டும் பண்ணலாம். உச்சி வேண்டாம்."

நாற்பத்தைந்து ரூபாய் என்பது ஒரு முடிக்கு இல்லை, ஒரு வேருக்கு என்று அவர்தான் விளக்கினார். ஒரு வேரில் ஒரு முடியும் இருக்கும், இரண்டு, மூன்றும் இருக்கும். மகன் அங்கேயே போனில் கணக்குப் போட்டான். ஆயிரத்து எண்ணூறு வேருக்கு எண்பத்தோராயிரம், திருநெல்வேலியில் நாலாயிரம் முடிக்கு எண்பதாயிரம். இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

என் கேள்விகளைக் கேட்டேன். "பின்னால இருந்து எடுக்கறது நான். முன்னால துளை போடறதும் நான். அதுல சொருகறதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க, நானும் கூடவே இருப்பேன்" என்றார். மொட்டைக்கு அவர் சிரிக்கவில்லை. எங்களை மாதிரி நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் போல. "ஒரு வருஷம் போகட்டும். வேர் பிடிச்சிட்டா மொட்டை போட்டாலும் வளரும். அதுவரைக்கும் கத்தி பக்கத்துல போகக் கூடாது."

மகன் தேதி வாங்கினான். ஆனாலும் திரும்பும்போது முகம் தெளியவில்லை. "உச்சி அப்படியே கெடக்கும்லாப்பா" என்று இரண்டு தடவை சொன்னான்.

ஒரு வருஷம் என்றதும் என் வீட்டுக்காரிக்குத் தூக்கம் போய்விட்டது. அவ்வளவு நாள் சாமிக்குப் பாக்கி வைக்கக் கூடாதாம். முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்றாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் தலையை மழிப்பார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எப்படியும் மழிக்கப் போகிற முடி, அதை ஆஸ்பத்திரிக் குப்பையில் போடுவதற்குச் சாஸ்தாவுக்குக் கொடுத்தால் என்ன? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானே சொன்னேன், போய்ட்டு வாங்க என்று. டாக்டரம்மா கொடுத்த சீட்டில் முடி வெட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று போட்டிருப்பதாக மகன் சொன்னான். "அது சலூனுக்குச் சொல்லிருக்குலே. கோயில்ல போடுதது வேற" என்றாள் அவன் அம்மா. ஆப்பரேஷனுக்கு முந்திச் சாமியோடு வம்பு வைக்க அவனுக்கும் மனசில்லை. முந்தின நாள் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் மதுரையில் அந்தச் சந்தனத் தலையைப் பார்த்து டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

"சாமிக்குங்க" என்றேன்.

"நாங்க மெஷின்ல ஒட்ட வெட்டுவோம், கத்தி வைக்க மாட்டோம். முடி துளியாவது வெளிய நிக்கணும். அப்பதான் உள்ள எந்தப் பக்கம் சாஞ்சு இறங்குதுன்னு தெரியும். தெரியாம எடுத்தா வேர் அறுந்துரும்."

இலையே இல்லாத நாற்றைப் பிடுங்கச் சொன்னால் எப்படி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தோம். கடையில் லீவு சொல்லியாகிவிட்டது, பஸ் செலவு வேறு என்றோம். "இன்னைக்கு உங்க தலையில கை வச்சா அது உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது ராஜபாளையம் தாண்டியதும் மகனுக்குப் போன் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிப் பெண். என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டது. இவன் எரிச்சலில், மொட்டை போட்டதையும் திருப்பி அனுப்பியதையும் அப்படியே சொல்லிவிட்டான். அந்தப் பெண் பேசுவது எனக்கும் கேட்டது.

"மொட்டைன்னா எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். நாளைக்குக் காலைலயே வாங்க. பத்தாயிரம் கொறச்சுக்கலாம்."

மகன் அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தான். லீவு கையில் இருக்கிறது. விலை குறைகிறது. உச்சியும் மூடும். முடிவை அவனிடமே விட்டேன். தலை அவனுடையது. கடையநல்லூர் வரைக்கும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தான்.

"யப்பா, கத்தி வச்ச தலையில எடுக்க முடியாதுன்னு அந்தம்மா சொல்லுதா. இவ நாளைக்கே வாங்கன்னு சொல்லுதா."

"ஆமா."

"ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு எப்படி ஆவும்? டாக்டர் என் தலைய ஒருதடவ கூடப் பாக்காம வாங்கன்னு சொல்லுதாப்பா."

"அத அந்தப் பிள்ளைகிட்டயே கேளு."

அவன் கேட்கவில்லை. போனை எடுத்து, வேண்டாம் என்று ஒரு மெசேஜ் போட்டான். "சவத்த விடுங்க, பத்து நாளுதான்" என்றான். அன்றைக்குத் தென்காசியில் இறங்கி இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டோம். அவன் தொப்பியை எடுத்து வரவில்லை. மொட்டைத் தலையை அந்தக் கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கோயில் என்று மட்டும் சப்ளையர் கேட்டான்.

பத்தாம் நாள் போனோம். காலையில் உள்ளே போனவன் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தான். நெற்றி வீங்கி, ஒரு மாதிரி இருந்தான். ஒரு மாதத்தில் நட்டதெல்லாம் உதிர்ந்தது. உதிரும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தும் என் வீட்டுக்காரி சாஸ்தாவை நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். நாலாம் மாதம் பூனைமுடி மாதிரி எட்டிப் பார்த்தது. இப்போது பத்து மாதம் ஆகிறது. முன்பக்கம் சீவுகிற அளவுக்கு இருக்கிறது. உச்சி அவர் சொன்னபடி அப்படியேதான் கிடக்கிறது.

போன வாரம் தரகருக்குக் கொடுக்கச் சுரண்டையில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, "அண்ணாச்சி, உச்சியில லேசா கருப்பு அடிச்சுவுட்டுருதேன். ஒரு பயலுக்கும் தெரியாது" என்றார். என் வீட்டுக்காரி சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம். முன்னால இருக்கது நான் வச்சது, உச்சியில இல்லாதது இல்லாதது. காப்பி குடுக்கவங்களுக்கு நாந்தான் மாப்பிள்ளன்னு தெரிஞ்சாப் போதும்" என்றான் மகன்.

ஸ்டூடியோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டுப் பிரதி போட்டுக் கவரில் கொடுத்தார். அதில் இரண்டு இப்போது கீழப்பாவூரில் ஒரு வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.