அக்காவுக்குக் கால் பிடித்த நாள்

அக்காவின் குரல் கட்டத் தொடங்கிய வருடம்தான் அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராலும் பிடிக்க முடியாத ஓட்டக்காரியானாள். எங்கள் புசல்லாவை மலைப் பனிதான் காரணம் என்று அம்மா மல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். விளையாட்டு வாத்தியார், எங்கள் சேர், அக்காவுக்குக் கொடுத்த மாத்திரைகளைப் பற்றி வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. விட்டமின் என்றார், படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அவர் தரவில்லை. என் ஓட்டத்துக்கு அது வீண் என்று நினைத்திருப்பார்.

கண்டியில் நடந்த பாடசாலைப் போட்டிக்கு இருவரும் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடப் போனோம். அக்கா வென்றால் விடுதியோடு கண்டியில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருவதாக சேர் சொல்லியிருந்தார். அப்பா அதைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெண்ணொருத்தி அக்காவின் பையைக் கொட்டி, பேப்பரில் சுருட்டியிருந்த மாத்திரைகளை எடுத்து முகர்ந்தாள். சேர் ஓடிவந்து சிங்களத்தில் ஏதோ சிரித்துச் சொன்னார். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குண்டு தேடுகிறவளுக்கு மாத்திரை எதற்கு?

மைதானத்தில் ஒரு கூடாரத்துக்குள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சிறு போத்தல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்களின் சிறுநீரை வாங்கி, ஊக்கமருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சேர் அக்காவைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தவள் ஓட்டம் தொடங்கும் கோட்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"காலு புடிச்சிக்கிருச்சு. நீ ஓடு."

வேறு பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரிகள் சிலருக்கும் அன்று கால் பிடித்தது. மிஞ்சியவர்களில் நான் மூன்றாவதாக வந்தேன்.

சோதனைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார்கள். தாதி மிஸ்ஸி ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றதால் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "வெக்கம் வேணாம் மகள்" என்று திரும்பத் திரும்பத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

என் பதக்கத்தை அப்பா சுவரில் மாட்டினார். "அவ்ளோ தூரம் போயி குந்திட்டு வந்திருக்கா" என்றவர், அக்காவிடம் பல நாள் பேசவில்லை. கண்டிப் பள்ளிக்கூடம் அத்தோடு போனது. சேர் மாற்றலாகிப் போனார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவுமில்லை. அக்கா ஓட்டத்தை விட்டாள், பிறகு படிப்பையும் விட்டுத் தையல் ஃபெக்டரிக்குப் போனாள். குரல் மட்டும் பழையபடி வரவேயில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டதெல்லாம் ஒடம்புல எவ்ளோ நாளைக்கு இருக்குமாம்? அந்த மிஸ்ஸி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"காலையில ஒரு பணிஸ்தானேக்கா சாப்பிட்ட. அது அப்பவே செமிச்சிருக்கும்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாவம், பசி போலிருக்கிறது என்று, கூடாரத்தில் தந்த பிஸ்கட்டில் எனக்கென்று வைத்திருந்ததை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.