கசப்பத்தை

மருந்துப் புட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே வருகிறாள் கசப்பத்தை. சில்லென்று நாக்கில் பட்டால் பிள்ளைக்குத் தூக்கிப்போடும். கைச்சூட்டில் கொஞ்சம் இதமாகிவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்பது அவள் கணக்கு. செருப்பில்லாமல்தான் நடப்பாள். காலடிச் சத்தமே கேட்காது. ஆனாலும் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். மரக்குதிரையில் ஆடிக்கொண்டிருந்தவன் இறங்கி மேசைக்கு அடியில் போய்விடுவான். சுவரோரம் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே விசும்பத் தொடங்குவாள். பேச்சு வராத ஒன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தனக்கு அத்தை தெரியவில்லை என்றால் அத்தைக்கும் தன்னைத் தெரியாது என்று நம்பிக் கிடக்கும்.

"வாங்க ராசா, கொஞ்சூண்டுதான். கோபப்படறதா இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டர்மேல கோபப்படுங்க" என்று மேசைக்கு அடியில் குனிவாள்.

மேலே மாடியில் தையல் ஆலை. இயந்திரங்களின் அதிர்வு கீழே இந்தக் கூடத்துச் சன்னல் கண்ணாடிவரை வரும். அங்கே வேலை பார்க்கும் தாய்மார் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வெயிலைப் பார்க்காமல் வளரும் பிள்ளைகள். ஒன்றுக்கு உதடு வெளுத்திருக்கும், ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கும். வந்து பார்க்கும் டாக்டர் இரும்புச் சத்து, எலும்புக்குச் சத்து என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். "வீட்ல கொடுத்தா மூஞ்சியிலயே துப்புறான், நீங்களே ஊத்தி விட்டுடுங்க" என்று புட்டியை வைத்துவிட்டுத் தாய்மார் மாடியேறிவிடுவார்கள்.

அவள் கையில் ஒரு சொட்டு வீணாகாது. பிள்ளையை முழுக்கப் படுக்க வைக்காமல் மடியில் சாய்த்து, ஒரு கையால் முதுகைத் தாங்குவாள். நாக்கின் நடுவில் விடமாட்டாள். கன்னத்தின் உள்பக்கமாக, கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். "கடவுளே, நல்லபடியா இறங்கட்டும்" என்று உதடு முணுமுணுக்கும். பிறகு பிள்ளையின் முகத்தில் மெல்ல ஊதுவாள். அந்தத் திகைப்பில் பிள்ளை விழுங்கிவிடும். மூக்கைப் பிடிப்பதோ, மிட்டாய் என்று பொய் சொல்வதோ அவளிடம் கிடையாது. பாலில் கலந்து கொடுக்கட்டுமா என்று கேட்கும் தாய்மார் மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வரும்.

"பால்ல கலந்தா மருந்தும் போச்சு, பாலும் போச்சு. அப்புறம் தம்ளரைப் பார்த்தாலே ஓடும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

மருந்து இறங்கியதும் அழுகிற பிள்ளையை அவள் தேற்றமாட்டாள். அது பெரியம்மாவின் வேலை. பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிடும் அந்தப் பருத்த பெண்தான் சாப்பாடு ஊட்டுவாள், தூங்க வைப்பாள், கதை சொல்லுவாள். கசப்பத்தைக்கு மருந்து, நகம் வெட்டுவது, காது துடைப்பது. வேலைக்கு வந்த புதிதில் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. மருந்து கொடுத்தவளே சாப்பாடும் ஊட்ட வந்தால், கரண்டியைக் கண்டதும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்ளும். அதனால் கையைப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று வந்தபோது, அவளாகவேதான் கசப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எனக்கென்ன, வீட்ல பிள்ளையா குட்டியா? எது என்னை வெறுத்தா எனக்கு என்னக்கா நஷ்டம்?" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கடைத்தெருவில், அடம்பிடித்துக்கொண்டிருந்த மகனிடம் ஒருத்தி, "இப்ப வாயைத் திறக்கலைன்னா கசப்பத்தையைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டியது அவள் காதில் விழுந்தது. இவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது அந்தத் தாய்க்குத் தெரியாது. கசப்பத்தை சத்தம் காட்டாமல் தெருவின் எதிர்ப்பக்கம் கடந்து போய்விட்டாள். பிள்ளை தன்னைப் பார்த்துவிட்டால் அதுவரை ஊட்டி உள்ளே போனதும் வாந்தியாக வெளியே வந்துவிடுமே என்ற பயம்.

போன மழைக்காலத்தில் தம்பி வந்து நின்றான். தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தோளில் தூங்கும் மகள், கையில் ஒரு துணிப்பை. "கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கோக்கா. லாரியில எங்கேன்னு வெச்சு வளர்ப்பேன்?" என்றான். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

உருண்டை முகம் என்பதால் பட்டாணி என்று கூப்பிட்டாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டால் போதும், பட்டாணி "அத்தே!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை தன்னை நோக்கி ஓடி வருவதை முதல் தடவை பார்த்த அன்று, கதவைச் சாத்த மறந்து அப்படியே வாசலில் நின்றுவிட்டாள்.

பகலில் கீழ்வீட்டு இஸ்திரிக்காரம்மாதான் கசப்பத்தை குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை.

"இங்கயே கூட்டிட்டு வாயேன்டி. உனக்கு யாரு வேணாம்னு சொல்லப்போறா?"

"வேணாம்க்கா. இங்க இதுங்கல்லாம் என்னைக் கண்டு ஓடுறதை அவ பார்க்கணுமா? வீட்லயாவது நான் வெறும் அத்தையா இருந்துட்டுப் போறேன்."

பட்டாணிக்கு உதடு வெளுக்கத் தொடங்கியது. விளையாடுகிற பிள்ளை விளையாட்டின் நடுவில் தரையில் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். ரத்தம் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது, அவள் தினமும் உள்ளங்கையில் உருட்டுகிற அதே மருந்து. மருந்து எடுத்துக் கொடுத்த நர்ஸ் அவளை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். "உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நீங்க ஊருக்கே ஊத்துறவங்களாச்சே!"

ஊருக்கு ஊற்றுகிறவள் வீட்டில் ஊற்றவில்லை. புட்டியைக் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கடைசியில், எந்தத் தாயையும் செய்யவிடாத காரியத்தை அவளே செய்தாள். அடுப்படியில் திரும்பி நின்று, சொட்டு மருந்தைப் பாலில் விட்டுக் கலக்கிக் கொடுத்தாள். முதல் நாள் பட்டாணி குடித்தது. மறுநாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த நாள் முதல் பால் என்றாலே தலையைத் திருப்பிக்கொண்டது. மருந்தும் போயிற்று, பாலும் போயிற்று.

திரும்ப ரத்தம் சோதித்தபோது நர்ஸ் சிரிக்கவில்லை. "முன்னைவிட இன்னும் கீழ போயிருக்கு. மருந்து கொடுத்தீங்களா இல்லையா? இப்படியே விட்டா அடுத்த தடவை படுக்கையில சேர்த்து ஊசி வழியாத்தான் ரத்தம் ஏத்தணும். தாங்குமா இந்தச் சின்ன உடம்பு?"

மறுநாள் பிள்ளைகள் தூங்கிய பிறகு, நகவெட்டியைத் துடைத்துக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னாள்.

"பால்லயா கலந்தே? நீயா?"

"நான்தான்."

"உனக்கென்ன கிறுக்கா? சரி, நாளைக்கே இங்க கொண்டு வா. நீ தொடாத. நான் ஊத்துறேன்."

"உங்களுக்கு ஊத்த வராதுக்கா. போன வருஷம் ஒண்ணுக்குப் புரையேறி நீங்கதானே கூட அழுதீங்க?"

"அப்ப அந்த இஸ்திரிக்காரி?"

"அவங்க மூக்கைப் பிடிப்பாங்க."

பெரியம்மா அவள் கையிலிருந்து நகவெட்டியை வாங்கி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊர்ல இருக்கிற அம்மாமாரெல்லாம் ஒரே கையாலதான்டி மருந்தும் ஊத்துறாங்க, சோறும் ஊட்டுறாங்க" என்றாள்.

"அவங்கல்லாம் பெத்தவங்கக்கா. அடிச்சாலும் பிள்ளை அங்கதான் போகும். நான் யாரு?"

பெரியம்மா எழுந்தாள். தூங்குகிற பிள்ளைகளுக்குப் போர்த்திவிடப் போய்விட்டாள்.

விடுமுறை நாள் மத்தியானம். இஸ்திரிக்காரம்மா மாடிக்கு வரவில்லை. தம்பியின் லாரி எந்த ஊரில் நிற்கிறதோ. கசப்பத்தை புட்டியை எடுத்து வந்து பட்டாணியின் முன்னால் வெளிப்படையாக வைத்தாள். "அத்தை பொய் சொல்லமாட்டேன். கசக்கும். ஆனா இது உள்ள போகணும்டா கண்ணு" என்றாள். பட்டாணிக்கு என்ன புரிந்ததோ, அத்தை மடியில் உட்காரச் சொல்கிறாள் என்று மட்டும் புரிந்து, சந்தோஷமாக வந்து உட்கார்ந்தது.

புட்டியை உள்ளங்கையில் உருட்டினாள். கடைவாய் ஓரமாக ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கியது. முகத்தில் ஊதினாள். பட்டாணி விழுங்கியது. விழுங்கிவிட்டு, அழுவதற்கு முன்னால், நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தது. எத்தனையோ பிள்ளைகள் அவளை அப்படிப் பார்த்திருக்கின்றன. அப்போதெல்லாம் அவள் அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுவாள். இங்கே அடுத்த பிள்ளை இல்லை.

பிறகு மடியிலிருந்து வழுக்கி இறங்கி, கதவுக்கு ஓடியது. எட்டாத தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு, "அத்தே... அத்தே..." என்று கதறியது. வேலைக்குப் போன அத்தை வெளியே இருந்து சாவி திருப்பி வருவாள் என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவள், "இங்கதான்டா இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. எழுந்து போய்த் தூக்கவும் தைரியம் வரவில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கி அவளுக்குப் பழக்கம் இல்லை.

கதவு திறக்கவில்லை. பட்டாணி சுற்றிப் பார்த்தது. நாற்காலி, பாய், அடுப்படி, அத்தை. வேறு யாரும் இல்லை. விசும்பிக்கொண்டே, பாதி தூரம் வந்து நின்று, மறுபடி வந்து, அதே மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவள் மூச்சு விடவும் பயந்துகொண்டு அசையாமல் இருந்தாள். அழுகை தேய்ந்து, கண் சொருகியது.

தூங்கிய பிறகுதான் கவனித்தாள். பட்டாணி இரண்டு கையையும் சேர்த்துத் தன் வாயை அழுத்தி மூடிக்கொண்டிருந்தது. காற்று வரட்டுமே என்று ஒரு விரலை மெல்ல விலக்கிப் பார்த்தாள். தூக்கத்திலேயே பிள்ளை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.