யூத்திமியா நடந்து பழகியது

ஸ்பெயினின் மேற்கே புனித சந்தியாகப்பரின் கல்லறைக்குப் போகும் யாத்திரைப் பாதை யூத்திமியாவின் மதுக்கடை வாசலை உரசிக்கொண்டு போகிறது. பர்கோஸ் நகரைத் தாண்டி, மரமே இல்லாத மேட்டுவெளியைக் கடந்து வரும் யாத்திரிகர்கள் அவளிடம்தான் பூண்டு சூப் குடிப்பார்கள், கொப்புளத்துக்கு மருந்து கேட்பார்கள். அவர்களில் பலருக்குக் கண் சிவந்திருக்கும். கால் நோகிறவன் அழுவது சரி. கால் நன்றாக இருக்கிறவனும் ஏன் அழுகிறான்? கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். இத்தனை வருஷமாக அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஒரு வசந்த காலக் காலையில், தானும் நடக்கப் போவதாகக் கணவன் பிளாஸிடம் சொன்னாள்.

"மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது," என்றான் அவன்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ சூப்பு வைக்கக் கத்துக்க."

விரல் இடிக்காதபடி செருப்புக்கடையில் ஒரு அளவு பெரிய பூட்ஸ் வாங்கினாள். முதுகுப் பையில் கொண்டைக்கடலையை நிரப்பிச் சுமந்துகொண்டு, கடை திறக்கும் முன் தினமும் கோயிலைச் சுற்றினாள். சீட்டாட வரும் ருஃபினோ அதைப் பார்த்துக் கிண்டலடித்தான்.

"பிளாஸை விட்டு ஓடறதுன்னா பஸ்ல போயேன், யூத்திமியா."

"பஸ்ல போனா நீயும் தொத்திக்குவியே."

ஜூனில் நிஜமான ஒத்திகை. கிழக்கே அடுத்த ஊர் வரை பிளாஸ் வேனில் கொண்டுவிட்டான். அங்கிருந்து அவள் நடந்தே திரும்ப வேண்டும். அந்த ஊருக்கு அவள் எப்போதும் காரில்தான் போயிருக்கிறாள், அதுவும் தார் ரோட்டில். மண்பாதை கோதுமைக்கு நடுவே நீண்டுகொண்டே போனது. வெயில் ஏறியது, தண்ணீர் தீர்ந்தது. வந்துவிட வேண்டிய ஊர் வரவில்லை. கோபுரமில்லை, கூரையில்லை, நாலு பக்கமும் வானம்தான். பாதை தவறிவிட்டதோ என்று வந்த வழியைப் பார்த்தாள். திரும்பிவிடலாமா என்று நின்றவள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நடந்தாள்.

திடீரென்று காலடியில் தரை இறங்கியது. கீழே பள்ளத்துக்குள், கோயில் கோபுரத்தின் உச்சி அவள் முழங்கால் உயரத்தில் தெரிந்தது. அவளுடைய ஊர்தான். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தும், அது இப்படி ஒளிந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து குலுங்கி அழுதாள்.

நேரமாகிவிட்டதே என்று தேடிக்கொண்டு பிளாஸ் மேலே ஏறி வந்தான்.

"காலா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊரைக் காணோம்னு நெனச்சேன், பிளாஸ். இருக்கு."

அவன் பையை வாங்கிக்கொண்டான்.

அவள் சந்தேகம் தீர்ந்துவிட்டது, இனி போக மாட்டாள் என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். யூத்திமியாவுக்கோ மற்ற ஊர்களெல்லாம் எப்படி எதிரே வருமோ என்ற ஆசை புதிதாகப் பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்ததும் மேற்கே கிளம்பினாள். சந்தியாகப்பரைக் கும்பிட்ட மறுநாள் பிளாஸைப் போனில் கூப்பிட்டு, கடல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.