பெண் பிறந்தால் இருநூறு
2004-ல் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் டீ கப்புக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை பார்த்தேன். எட்டாம் மாசம் வரை வேலைக்குப் போய்விட்டு, முதல் பிரசவத்துக்கு ஊரிலிருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

காலை எட்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. என்னை வார்டுக்கு மாற்றிய பிறகு, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்த ஆயா வாசலிலேயே நின்றுவிட்டார். இனாம் கொடுத்தால்தான் குழந்தை கைக்கு வரும். அங்கே அதுதான் வழக்கமாம். பக்கத்துக் கட்டிலில் பையன் பிறந்ததற்கு ஐநூறு கொடுத்ததை என் கணவர் பார்த்திருந்தார். அவரும் ஐந்து நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

ஆயா இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணுதானே தம்பி, எரநூறு போதும். உங்களுக்கும் செலவு இருக்குது."

கணவர் சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல மனசு என்று என் அம்மா வேறு ஆயாவைப் புகழ்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பட்ட வலியில் இருநூறு ரூபாய் வலி, ஐநூறு ரூபாய் வலி என்று இரண்டு இருந்ததா?

மிச்சத்தையும் அவரிடமே கொடுங்கள் என்றேன். மருந்து வாங்க ஆகுமே என்றார் கணவர். பச்சை உடம்போடு சத்தம் போடாதே என்று அம்மா அதட்டினார்.

"பையனா இருந்தா மருந்துக்கு ஆவும்னு எடுத்து வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

கணவர் பணத்தை எடுத்து ஆயாவிடம் நீட்டினார். ஆயாதான் வாங்கத் தயங்கினார்.

"பொண்ணு பொறந்த வூட்ல கூடுதலா வாங்குனா பேராசைக்காரின்னு பேசுவாங்கம்மா."

நான் பேச மாட்டேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கிக்கொண்டு, குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினார். போகாமல் கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தையைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டு கேட்பது இனாமே இல்லை என்று பிற்பாடுதான் உறைத்தது. அதையும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஆனால் பூமிக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத என் மகளுக்கு, பெற்ற தகப்பன் உட்பட எல்லோருமாகச் சேர்ந்து தள்ளுபடி போட்டார்களே, அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.