அண்ணாவின் இருபத்திரண்டு பற்கள்

பல் டொக்டர் என்றால் எனக்குப் பயம் என்று என் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இருப்பது கோபம். அறுபது வருஷமாகியும் ஆறாத கோபம், அதில் பாதி என் மேலேயே.

என் அண்ணா என்னைவிட ஏழு வயது மூத்தவன். வட்ட முகம், சின்னக் கண்கள், தடித்த நாக்கு. இன்றைக்கு அதற்கு டவுன் சின்ட்ரோம் என்று பெயர் இருக்கிறது. அன்றைக்கு உருத்திரபுரத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர்களை நான் எழுத மாட்டேன். அவன் பிறந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர், "இப்பிடியான பிள்ளையள் பதினைஞ்சு வயசு தாண்டாது" என்று சொன்னாராம். குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து வன்னியில் இந்த உருத்திரபுரத்துக்கு வந்தபோது, அப்பாவும் அம்மாவும் அந்த வார்த்தையையும் காணி உறுதி மாதிரிப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடமா, புதுச் சட்டையா, எதைக் கேட்டாலும் அந்தப் பதினைந்து வயதுதான் பதில்.

அவனுக்கு வேப்பங்குச்சி பிடிக்க வராது. எனக்கு ஆறு வயதானதும் அவனுக்குப் பல் துலக்கிவிடுவது என் வேலையானது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கட்டின் மேல் இருவரும் குந்துவோம். சிரட்டையில் உமிக்கரி இருக்கும். நான் "ஆ" என்றால் வாயைத் திறப்பான். வேறு யார் சொன்னாலும் திறக்க மாட்டான், அம்மாவின் விரலையே ஒருமுறை கடித்துவிட்டான். ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து எண்ணுவேன். இடைவெளி விட்ட சின்னப் பற்கள், மொத்தம் இருபத்திரண்டு. கடைசி எண்ணை நான் சொல்லுமுன்பே கைதட்டுவான். அந்தப் பற்களால் அவன் செய்த பெரிய காரியம் கச்சான், அதுதான் நிலக்கடலை, தின்பது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வரும் அப்பா வறுத்த கச்சான் கொண்டுவந்தால், கோதுடைத்து ஒவ்வொன்றாகக் கடித்துப் பின்னேரம் முழுக்கத் தின்பான்.

ஒருநாள் என் விரலில் இரத்தம் பட்டது. அவனுடைய பல் முரசு, பல்லைப் பிடித்திருக்கும் ஈறு, சிவந்து வீங்கியிருந்தது. அம்மா கண்டுவிட்டார்.

"ஐயோ, இரத்தமெல்லே வருது! பாவம் பிள்ளை. இனி அவன்ர வாயிலை கை வையாதை."

அம்மா இரக்கத்தில்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. உப்புத் தண்ணீர் கொடுத்தால் கொப்பளிக்காமல் குடித்துவிடுவான், ஆகவே அதையும் நிறுத்தினோம். இரண்டு வருஷம் அவன் பல்லை யாரும் தொடவில்லை. முரசு சீழ் பிடித்து வாய் நாறத் தொடங்கியது. ஆட்கள் வந்தால் அம்மா அவனைக் குசினிக்குள் இருத்திக் கதவைச் சாத்திவிடுவார்.

நாலு பல் ஆடத் தொடங்கியதும் அப்பா அவனைப் பல் டொக்டரிடம் காட்ட முடிவு செய்தார். மாதத்தில் ஒரு நாள் பல் டொக்டர் வருகிற ஆசுப்பத்திரி ஒன்று கிளிநொச்சிக்கு அப்பால் இருந்தது. நான் சொன்னால்தான் வாய் திறப்பான் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். ஒன்பது வயதில் என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று! தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். "அழாமல் இருந்தியெண்டால் கச்சான் வாங்கித் தருவன்" என்று பஸ்ஸில் அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

எங்களுக்கு முன்னால் எங்கள் வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான ஓவசியர் உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. அவருக்கும் முரசால் இரத்தம் வருகிறதாம். டொக்டர் கொக்கி மாதிரி ஒன்றால் அவருடைய பற்களைப் பொறுமையாகச் சுரண்டினார். கொப்பளிக்க மருந்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இரத்தம் வருதெண்டு துலக்காமல் விட்டிடாதேங்கோ. அப்பத்தான் வடிவாத் துலக்க வேணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்ததும் நான்தான் முதலில் கதைத்தேன். "அண்ணாக்கும் அப்பிடிச் சுரண்டி விடுங்கோ டொக்டர். நான் ஒவ்வொரு நாளும் தேய்ச்சு விடுறன்."

டொக்டர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இவனுக்குச் சுரண்டி என்ன பிரயோசனம்? எத்தனை நாளைக்கு இருக்கப் போறான்? எல்லாத்தையும் எடுத்துவிட்டால் உங்களுக்கும் கரைச்சல் இல்லை. இப்பிடியான ஆக்களுக்கு நோவும் அவ்வளவு தெரியாது."

"நீங்கள் சொன்னாச் சரி டொக்டர்" என்றார் அப்பா. தண்ணீர் முறை பிந்தினால் அதே ஓவசியரோடு வரம்பில் நின்று சண்டை பிடிக்கிற மனிதர்தான் அவர். ஏழை சொல்லே அம்பலம் ஏறாது, ஒன்பது வயதுப் பெட்டையின் சொல் எங்கே ஏறும்?

அண்ணா கதிரையில் இருந்தான். ஊசி போட்டார்கள், வாய் விறைக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. நான் "ஆ" என்றேன். திறந்தான். முதல் பல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சொல்லு பிள்ளை" என்றார் டொக்டர்.

நான் திரும்பவும் "ஆ" என்றேன். அவன் திரும்பவும் திறந்தான். பழக்கத்தில் நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆடாத பல்லையும் விடவில்லை. நோவு தெரியாதவன் என்றார்களே, அவன் காலை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒருமுறைகூட அவன் கடிக்கவில்லை. நான் சொன்னபோதெல்லாம் திறந்தான், இருபத்திரண்டு வரைக்கும். "கெட்டிக்காரப் பிள்ளை" என்று டொக்டர் என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கும்.

நான் கொடுத்த வாக்குக்காக அப்பா பஸ் நிலையத்தில் கச்சான் வாங்கினார். அண்ணா ஒன்றை வாயில் போட்டான். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரத்தத்தோடு எடுத்துப் பார்த்தான். பிறகு கச்சான் இருந்த கடதாசிச் சரையை அப்படியே என் மடியில் வைத்தான். கிளிநொச்சி வருவதற்குள் முழுவதையும் நான் தின்று முடித்தேன்.

அவன் பதினைந்தில் சாகவில்லை, பல் பிடுங்கிய அன்றைக்கே அவனுக்குப் பதினாறு. நாற்பத்தொன்பது வயது வரை இருந்தான். முப்பத்து மூன்று வருஷம் கஞ்சியும் கரைத்த சோறும். அந்த டொக்டர்மாரில் யாராவது ஒருவர் வந்து ஒருநாள் ஊட்டிவிட்டிருக்கலாம்.

ஆசுப்பத்திரிக்குப் போய்வந்து பத்து நாளிருக்கும். வீக்கம் வற்றியிருந்தது. காலையில் நான் வாய்க்கால் கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணா உமிக்கரிச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, பழையபடி என் முன்னால் குந்தி, நான் சொல்லாமலே வாயைத் திறந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ! பல்லுப் போனதுகூட இவனுக்கு விளங்கேல்லை" என்று கத்தினேன். அவன் வாயை மூடாமல் காத்திருந்தான். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

பல் போனது அவனுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. அத்தனைக்குப் பிறகும் அவன் என்னிடம் வாயைத் திறந்தான் என்பது எனக்குத்தான் அன்றைக்கு விளங்கவில்லை.