வேண்டுதல் மொட்டை

என் தம்பிக்கு இருபத்தாறு வயதிலேயே முன்னந்தலை வெறிச்சென்று ஆகிவிட்டது. எண்பதுகளில் எங்கள் அரூர்ப் பக்கம் கிணறு உண்டா என்று கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை தலையில் முடி உண்டா என்றுதான் பார்த்தார்கள். கிணறும் மாந்தோப்பும் உள்ள பிள்ளையை, வயசாளி மாதிரி இருக்கிறான் என்று வரிசையாகத் தட்டிக் கழித்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கோ காதை மூடுகிற சுருள்முடி. எங்கள் கல்யாணத்தில் என் நகையை விட்டுவிட்டு அந்த முடியைத்தான் ஊரே பேசியது. எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன். சட்டைப் பையில் எந்நேரமும் சீப்பு இருக்கும்.

"மச்சான், உன் உச்சியில எறும்பு ஏறுனா வழுக்கி வுழுந்துரும்டா" என்று தம்பியைச் சீண்டுவார். நல்லம்பள்ளிக்குப் பெண் பார்க்கப் போகும்போது யோசனையும் அவரே சொன்னார்.

"மொத்தமா வழிச்சிரு. சாமிக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

இதுவும் தட்டிப்போனால் இனி யார் பெண் கொடுப்பார்கள் என்று தம்பியும் வழித்துக்கொண்டான். பூசிய சந்தனமெல்லாம் பஸ்ஸில் வேர்த்துச் சட்டைக் காலருக்கு இறங்கிவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும், "பக்தியான பையனுங்க" என்று பூரித்துப் போனார்.

பூ வைக்க உள்ளே போனேன். கதவிடுக்கில் பார்த்தபடியே அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க்கா, மொட்டை அடிச்சா தலை பூரா ஒண்ணா கறுக்கணுமில்ல? அவருக்குக் காதோரமும் பின்னாலயும்தான் கறுத்திருக்கு. முன்னால சொம்பு மாதிரி மின்னுது."

எங்கள் வகையறாவில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அங்க இனிமே மொளைக்காது கண்ணு" என்றேன்.

"யாரு யோசனைங்க இது?"

"எங்க வூட்டுக்காரரு."

எட்டிப் பார்த்தாள். சுவர்க் கண்ணாடி முன்னால் அவர் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"முடி இல்லாட்டிப் போவுது. பொய்க்கு எதுக்குங்க சாமியக் கூப்பிட்டாங்க? அந்த வேண்டுதல உங்க வூட்டுக்காரரே செலுத்தட்டும். எனக்குச் சம்மதம்னு அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

திரும்பும் பஸ்ஸில் இதை நான் சொன்னதும் அவர் சீப்பை எடுத்து அரூர் வரும்வரை வாரிக்கொண்டே வந்தார். தம்பிதான், "மாமா, இனிமே எறும்புக்கு ரெண்டு எடம்" என்றான்.

கல்யாணப் படத்தில் தம்பி தலைப்பாகையோடு ராஜா மாதிரி இருக்கிறான். ஃபிளாஷ் வெளிச்சம் முழுக்க என் வீட்டுக்காரர் தலையில். பையில் சீப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. மண்டை நல்ல வடிவான மண்டை, அதையும் சொல்ல வேண்டும்.